விளிம்பில் ஒரு பெயர்

(கோட்டையூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பொழிவின் பொருளை அறிவிப்புத் தாளில் கண்ட நண்பர் ஒருவர் நேற்றே என்னைக் கடைத்தெருவில் மறித்துக்கொண்டார். "வெள்ளைக்காரன் குத்திவிட்ட படைப் பதக்கங்களைப் பற்றிப் பேசுவதற்கோ நம் மேடை? அடிமைக்கு இட்ட பட்டயத்தைத் தமிழாசிரியர் ஏன் தேடித் திரட்ட வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி நேர்மையானது. நானும் ஒருகாலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன். கேட்டதோடு நில்லாமல், அக் கேள்வியால் ஒரு கேட்டையும் செய்து முடித்தவன். அதனை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு பொருளுக்குள் புகுகின்றேன்.

1990ஆம் ஆண்டு. அப்பொழுது யான் கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்றுகொண்டிருந்த இருபது அகவை இளைஞன். வீட்டில் புழங்கும் அயற்சொற்களை எல்லாம் துரத்திக்கொண்டிருந்த காலம். என் அப்பத்தாவிடம் பழைய வெற்றிலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வெள்ளியில் ஒரு வட்டப் பதக்கமும், அதற்கடியில் துணியில் சுற்றிய பெரிய வெண்கலத் தட்டும் இருந்தன. அப்பத்தாவின் தந்தை முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியாவுக்கு, அஃதாவது இன்றைய ஈராக்கு நாட்டுக்குப் படையில் சென்றவர், திரும்பவில்லை. அப்பொழுது அப்பத்தாவுக்கு மூன்று அகவை. தந்தையின் முகம் நினைவில்லை. போர் முடிந்து அஞ்சலில் வந்த அவ்விரண்டு மாழைத் துண்டுகளுக்கும் ஆடிப் பதினெட்டு அன்று மஞ்சள் பூசிப் பூ வைப்பார்.

"ஏன் அப்பத்தா, வெள்ளைக்காரன் காசைக் கும்பிடுகிறாய்? அந்தப் பக்கம் பார், அவன் அரசன் தலை இருக்கிறது" என்றேன்.

"அது காசு இல்லடா, எங்கப்பன்" என்றார்.

அச்சொல் அன்று எனக்குப் புரியவில்லை. ஓராண்டாக இடைவிடாமல் பேசினேன். அடிமைச் சின்னம் என்றேன், மானக்கேடு என்றேன். கல்லூரியில் படிக்கின்ற பெயரன் சொல்வதில் உண்மை இருக்கும் என்று அந்த எழுத்தறியாத கிழவி கடைசியில் நம்பிவிட்டார். வெள்ளிப் பதக்கம் தட்டாரிடம் சென்று என் தமக்கை மகனுக்கு அரைஞாணாயிற்று. வெண்கலத் தட்டைப் பழைய ஏனக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொண்டு நிலைவெள்ளித் தூக்கு ஒன்று கொடுத்தார். ஒரு தமிழ்த் தொண்டு செய்துவிட்டதாக எண்ணி யான் மகிழ்ந்தேன்.

அப் பதக்கத்தின் விளிம்பில் என்ன இருந்தது என்பதைப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் வரலாற்றை முன்னிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

கும்பணி ஆட்சியில் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர்க்குக் கிடைத்த பொற்பதக்கம் ஒன்றைப் பற்றி வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பெற்றவர், மருதநாயகம் என்று நாம் வழங்குகின்ற யூசுபுகான். திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் கும்பணியின் நாட்டுப்படைக்குத் தலைமை தாங்கி அவர் ஆற்றிய பணிக்காகப் பொற்பதக்கம் சூட்டினர். பின்னர் அவரே மதுரையை ஆண்டு, கும்பணிக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் பணிய மறுத்தபொழுது, அதே கும்பணிப் படை மதுரையை முற்றுகையிட்டது. உள்ளிருந்தோரின் வஞ்சகத்தால் பிடிபட்டவரை 1764 அத்தோபர் 15ஆம் நாள் தூக்கிலிட்டனர். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்று இன்றும் அவர் பெயர் வழங்குகின்றது. பதக்கம் எங்குப் போயிற்றோ! கழுத்தில் பொன் தொங்கவிட்ட கைகளே கயிற்றையும் மாட்டின. பதக்க வரலாற்றைத் தமிழன் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அடுத்தது சீரங்கப்பட்டணப் பதக்கம். 1799 மே 4ஆம் நாள் திப்பு வீழ்ந்ததற்காக அடித்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர்ப்பக்கம் மத்தேயு போல்டன் என்பாரின் சோகோ அக்கசாலையில் அச்சிட்டுக் கப்பலேற்றினர். பிறகு கல்கத்தா அக்கசாலையிலும் படியெடுத்தனர். நாணயத்தைச் சுண்டிப் 'பூவா தலையா' என்று கேட்கிறோமல்லவா, அவ்வழக்கையே பற்றிப் பதக்கத்தின் இரு புறத்தையும் தலைப்பக்கம் என்றும் பூப்பக்கம் என்றும் யான் சொல்வேன். இதன் தலைப்பக்கத்தில் ஓர் அரிமா ஒரு புலியை வீழ்த்துகின்றது. அரிமா ஆங்கிலேயன், புலி திப்பு. மேலே அரபு எழுத்தில் இறைவனின் அரிமாவே வெல்லும் என்னும் பொருளில் ஒரு தொடர். பூப்பக்கத்தில் கோட்டை மீது படை ஏறும் காட்சி; கீழே பாரசீகம்.

இப் பதக்கத்தில் ஒரு படிநிலை உண்டு, கேளுங்கள். பெருந்தலைவர்க்குப் பொன். அவர்க்கடுத்தோர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. அவர்க்கும் கீழோர்க்கு வெறும் வெள்ளி. பின்னர் வெண்கலம். கோட்டைச் சுவரில் ஏறிக் குண்டடிபட்ட பொதுப் படைஞனுக்கு? வெள்ளீயம்! வெள்ளீயப் பதக்கங்களே மிகுதி. அவை இன்று ஆங்காங்கே பழம்பொருட் கடைகளில் கருகிக் கிடக்கக் காண்கிறோம். பெற்றவன் பெயர் ஒன்றிலும் பொறிக்கப்படவில்லை. மெட்ராசுப் படையில் இருந்தவர் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமே. அவர்கள் கையில் கொடுத்த பதக்கத்தில் அரபு உண்டு, பாரசீகம் உண்டு, உரோம எண் உண்டு. தமிழில் ஓரெழுத்து உண்டா? இல்லை. பருமாவில் ஆவா அரசோடு 1824 முதல் 1826 வரை நடந்த போருக்கான பதக்கத்தில் வெள்ளை யானை அரிமாவின் முன் மண்டியிடுகின்றது, அதிலும் பாரசீகமே. யான் பார்த்த கும்பணிப் பதக்கம் எதிலும் தமிழைக் காணேன். சிப்பாய், நாயக்கு, அவில்தார், செமதார், சுபேதார் என்ற படைப்பதவிப் பெயர்களும் அயலே. உடம்பு மட்டுமே தமிழனுடையது!

இனி, நம் சிவகங்கைச் சீமைக்கு வருகிறேன். இது பதக்கத் தொகுப்பாளர் பலர் காணத் தவறும் இடம்.

1799 தொடங்கி 1826 வரை இந்தியாவில் நடந்த பல போர்களுக்குமாகச் சேர்த்துக் கும்பணி 1851ஆம் ஆண்டில் ஒரு பதக்கம் வழங்க இசைந்தது. 'இந்தியப் படைப் பதக்கம்' என்பது அதன் பெயர். அந் நாளில் உயிரோடிருந்தவர், அதுவும் விண்ணப்பித்தவர் மட்டுமே பெற்றனர். கால் நூற்றாண்டும் அரை நூற்றாண்டும் கழிந்தபின் எத்தனை கிழவர் எஞ்சியிருப்பர்? பதக்கத்தின் நாடாவில், பெற்றவர் பொருத களத்தின் பெயர் பொறித்த சிறு வெள்ளிப் பட்டைகள் கோக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் அதற்குக் 'கிளாசுப்பு' என்று பெயர். யான் 'களப்பட்டை' என்று எழுதி வருகின்றேன். இதனினும் நல்ல சொல் உங்களுள் ஒருவர்க்குத் தோன்றினால் தாருங்கள். அப் பதக்கத்துக்கு 21 வகைக் களப்பட்டைகள் உண்டு. அலிகார், தில்லி, அசாயி, ஆர்கான், நேபாளம், பூனா, நாகபுரி, கோரேகான், ஆவா, பரத்பூர் என்று பட்டியல் நீளும். அதில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறதா? இல்லை. காளையார்கோயில் இருக்கிறதா? இல்லை!

1801இல் நம் காடுகளில் நடந்தது சிறு கலகமா? சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்று, ஒரு திங்களுக்கு மேல் மடிந்து மாய்ந்து, அம் முயற்சியையே கைவிட்டது கும்பணிப்படை. பிறகு வேறு வழிகளில் சூழ்ந்து வந்துதான் அத்தோபர் முதல் நாள் காளையார்கோயிலைப் பிடித்தது. அத்தோபர் 24ஆம் நாள் மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டது. அப் போரில் நின்ற வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று அதில் நன்றியோடு குறிக்கிறார். பகைவனே மறவாத ஒரு போரை, அவன் அரசு பதக்கப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது. காரணம் யாதாகவும் இருக்கட்டும். மருது எதிர்த்தது நாட்டரசாகத் தெரியவில்லை, 'பாளையக்காரர் கலகம்' என்றே அவர்கள் ஏட்டில் ஏறியது. கலகம் அடக்கியதற்குக் களப்பட்டை எதற்கு என்று நினைத்திருக்கலாம். எனக்கு இதனால் ஒரு பாடம் கிடைத்தது. பதக்கம் திரட்டுகிறவன் உள்ளதை மட்டும் எண்ணினால் போதாது; இல்லாததையும் எண்ண வேண்டும்.

அதே நோக்கில் இன்னொன்று. 1837இல் கும்பணி, நாட்டுப்படைஞர்க்கென்று தனியாகத் தகுதி விருது ஒன்று ஏற்படுத்தியது. 1856இல் வந்த விக்டோரியா சிலுவையோ 1911 வரை இந்தியப் படைஞன் எவனுக்கும் இல்லை என்பது சட்டம். ஒரே அகழியில் இருவர் வீழ்ந்தாலும் மறத்துக்கு இரண்டு முழக்கோல்! அதன்மேல், போர்க்குடி என்றும் போரறியாக் குடி என்றும் மக்களைப் பிரித்து, தென்னாட்டான் போருக்காகான் என்று முடிவுகட்டி, மெட்ராசு காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து 1920களில் கலைத்தே விட்டனர். 1780இல் தோன்றிய மெட்ராசு அகழ்படை ஒன்றே தப்பியது. 'தம்பிகள்' என்று இன்றும் படையில் அவர்களுக்குப் பெயர். அயலார் நாவிலும் நிலைத்துவிட்ட நல்ல தமிழ்ச்சொல். காலாட்படையை மீண்டும் எழுப்பியது இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் முடை தோன்றியபின்.

இப்பொழுது விளிம்புக்கு வருகின்றேன்.

1815இல் வாட்டர்லூப் போருக்குப்பின் ஆங்கிலேயர் புதுவழக்கம் ஒன்றை மேற்கொண்டனர். பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி, பெறுகின்றவன் பெயரையும் படையையும் அழுத்திப் பொறிப்பது. பின்னர் இவ்வழக்கம் நாட்டுப்படைஞர்க்கும் வந்தது. முதல் உலகப் போருக்கு வெள்ளியில் வழங்கிய பிரித்தானியப் போர்ப் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 36 மில்லிமீட்டர் குறுக்களவு. ஏறத்தாழ மூன்று உருபாய் எடை. தலைப்பக்கம் அரசர் ஐந்தாம் சார்ச்சு. பூப்பக்கம் குதிரைமேல் ஆடையின்றி ஒரு மறவன். இவையெல்லாம் அறுபது இலக்கத்துக்கு மேற்பட்ட பதக்கங்களிலும் ஒன்றே. மாறுவது விளிம்பு மட்டுமே. அங்கே படைஞனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் இருக்கும். படைக்கலம் ஏந்தாது சுமை தூக்கியும் சாலை போட்டும் உழைத்த கூலிப்படையினர்க்கு இதே பதக்கத்தை வெண்கலத்தில் அடித்தனர். ஈண்டும் மாழை வேற்றுமை! ஆனால் வெண்கலத்தின் விளிம்பிலும் எழுத்து உண்டு.

பெயரை எழுதியவன் தமிழறியாதவன். முனுசாமி 'மூனிசாவ்மி' ஆவான். வேற்படை 'வீர்ப்படி' ஆனாலும் கேட்பாரில்லை. ஊர் இராது, தந்தை பெயர் இராது. ஆயினும் எண் இருக்கிறது. எண்ணும் படைப்பிரிவும் இருந்தால், எந்தச் சிதைந்த பெயரையும் நிமிர்த்திவிடலாம்.

பெரிய வெண்கலத் தட்டு என்றேனே, அது போரில் மாண்டவர் குடும்பத்துக்கென வார்த்தது. 120 மில்லிமீட்டர் அகலம்; பதின்மூன்று இலக்கத்துக்கு மேல் வார்த்தனர். மாண்டவன் பெயர் மட்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். பதவியும் எண்ணும் வேண்டாம், சாவில் அனைவரும் ஒன்று என்பது அவர்கள் சொன்ன காரணம். வட்டத்தைச் சுற்றி, இவன் விடுதலைக்காகவும் மதிப்புக்காகவும் உயிர் நீத்தான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எவர் விடுதலை? அடிமை நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்று, வேறொரு நாட்டைப் பிடித்துக் கொடுத்துப் பாலையில் மடிந்தவன் வீட்டுக்கு இவ்வாசகம் வந்தது! நல்லவேளையாக என் அப்பத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

சரி, பெயர் வேறெங்கும் இராதா, பதக்க விளிம்பை ஏன் நம்ப வேண்டும் என்பீர்கள். 2005 அளவில் எனக்கும் அந்த எண்ணம்தான். அப்பத்தா மறைந்தபின், அவர் தந்தை எங்கே மாண்டார் என்று அறியும் ஆவல் பிறந்தது. ஈராக்கில் பாசுரா நினைவுச்சின்னம் என்று ஒன்று உண்டு. 1929இல் திறந்தனர். மெசொப்பொத்தேமியாவில் மாண்டு கல்லறை அறியப்படாத நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு அது நினைவிடம். பெரும்பகுதியினர் இந்தியப் படைஞர். ஆங்கிலேயப் படைஞன் ஒவ்வொருவன் பெயரும் அச் சுவர்ப் பலகைகளில் வெட்டப்பட்டது. இந்தியர்க்கோ, பதவியுயர்ந்த சிலர் பெயரை வெட்டிவிட்டு, மற்றவர்களைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'இத்தனை பேர்' என்று எண்ணாக மட்டும் குறித்தனர். 1997இல் சதாம் உசேன் அச் சின்னத்தையே பெயர்த்து, நசிரியா செல்லும் சாலையில் பாலை நடுவே கொண்டுபோய் வைத்தார். பெயர்த்துவைத்தபோதும் எண்கள் எண்களாகவே இருந்தன.

இது யான் கட்டிச் சொல்வதன்று. போர்க்கல்லறைகளைப் பேணும் ஆணையமே 2021 ஏப்பிரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை வெள்ளையர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரையிலும், பெயரே குறிக்கப்படாமலோ நினைவே கூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. நம் நாட்டிலும் ஊர்ப்பொதுக் கட்டடங்களில் பழைய கல்வெட்டுப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். இவ்வூரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர். அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர். அவ்வளவே. ஆள் கணக்கு உண்டு, பெயர் இல்லை.

பெருமக்களே! செங்கம் பக்கத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1400 ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு நடுகல் உண்டு. மாட்டைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் அக் கல்லில் இடம் உண்டு. உருவம் மட்டுமன்று, 'கோவிவன்' என்று அந் நாயின் பெயரையும் வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகற்கள் அதனினும் பல நூற்றாண்டு பழையவை. அவற்றிலும் ஆகோளில் வீழ்ந்தவன் பெயரும் ஊரும் தமிழி எழுத்தில் நிற்கின்றன. மறவனுக்கு அரசன் செய்யும் சிறப்பை மாராயம் என்றது தொல்காப்பியம். மாண்டவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். ஏனாதிப் பட்டம் பெற்றவனுக்குக் கணையாழி அளிப்பது பழைய வழக்கு. நாயின் பெயரைக்கூடக் கல்லில் எழுதிய இனத்தான், பெயரின்றி வெறும் எண்ணாய் ஒரு பாலைச் சுவரில் கிடக்கின்றான். அவனுடைய பெயர் இவ்வுலகில் பொறிக்கப்பட்ட ஓரே இடம் அவன் வீட்டுக்கு வந்த பதக்கத்தின் விளிம்பு. அந்த நடுகல்லைத்தான் யான் உருக்கச் சொன்னேன்.

கல்லறை ஆணையத்தின் பதிவுகளை இப்பொழுது மின்வலையில் எவரும் தேடலாம். என் பூட்டனார் பெயரைத் தேடினேன். அதே பெயரில், அதே சிதைவோடு, நால்வர் இருக்கின்றனர். நால்வரும் மெட்ராசு மாகாணத்தார். எண் தெரிந்தால் ஒருவரைச் சுட்டலாம். எண் எங்கே? அரைஞாணில் கரைந்து போயிற்று. அந்த அரைஞாணும் பிறகு மாற்றப்பட்டு வேறெதுவோ ஆகிவிட்டது.

ஆகவே நேற்றைய நண்பர்க்கு என் மறுமொழி இது: தலைப்பக்கம் அவனுடையது, பூப்பக்கம் அவனுடையது, விளிம்பு நம்முடையது.

நம் கோட்டையூருக்கு இதில் ஒரு தனிக் கடமை உண்டு. கண்டதையெல்லாம் திரட்டுகிறான் என்று ஊரார் நகைக்க, பழைய நூலும் இதழும் திருமண அழைப்பிதழும் நாடக அறிவிப்புத் தாளுமாக ஏறத்தாழ ஓரிலக்கம் படிகளைச் சேர்த்து வைத்த ரோசா முத்தையா வாழ்ந்த ஊர் இது. 1992இல் அவர் மறைந்தார். அத் திரட்டை விலைகொடுத்து வாங்கியது தமிழ்நாட்டு அரசா? தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமா? அமெரிக்கச் சிக்காகோ பல்கலைக்கழகம்! அவர்கள் நற்பண்பால் அது கடல் கடவாமல் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவ்வளவில் நமக்கு நற்பேறு. ஆங்கிலேயர் தந்த 'சர்' பட்டத்தைத் துறந்த வள்ளல் அழகப்பரும் இவ்வூரில் பிறந்தவரே. துறக்கத் தெரிந்தவரும் தொகுக்கத் தெரிந்தவரும் ஓரூரார் என்பதை எண்ணி யான் அடிக்கடி வியப்பதுண்டு. பட்டத்தைத் துறப்பது பெற்றவன் உரிமை. மாண்டவன் பெயரை உருக்குவது பெயரன் உரிமையன்று.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். விரைந்து சொல்லி விடுகிறேன்.

வீட்டில் பதக்கம் இருந்தால் துலக்காதீர்கள். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் பெண்டிர்க்கு உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் தேய்த்தால் ஐம்பது பொங்கலில் விளிம்பெழுத்து மழுங்கிப் போகும். மாழை அரிப்பை ஆராயும் நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் அழகப்பர் தந்த நிலத்தில் காரைக்குடியிலேயே நிற்கிறது. நாமோ செங்கல் தூளால் வரலாற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்! உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். விளிம்பைப் படிக்க, மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். மெல்லிய தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்தும் படியெடுக்கலாம். சிறுவயதில் காசை அப்படிப் படியெடுத்து விளையாடாதவர் யார்? நாடா கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். நிறக்கோடுகளை வைத்தே எந்தப் போர் என்று சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு முதியோர் சொல்வதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் வாங்க நினைப்பவர்க்கு ஒரு சொல். அச்சில் அடித்த பதக்கத்தின் எழுத்து விளிம்பு கூராக இருக்கும். வார்ப்பில் எடுத்த போலியில் எழுத்து மழுங்கி, மேற்பரப்பில் ஊசித்துளை போன்ற சிறு குழிகள் தெரியும், எடையும் ஒத்துவராது. சீரங்கப்பட்டணப் பதக்கத்துக்குப் பிற்காலப் படிகள் மிகுதி. வெள்ளி விலை 1980 தொடக்கத்தில் உலகெங்கும் ஏறியபோது உருக்குக் குகைக்குள் போன பதக்கங்களுக்குக் கணக்கில்லை. இங்கிலாந்திலேயே அப்படி என்றால் நம் தட்டார் பட்டறைகளைக் கேட்க வேண்டுமா? இன்னொன்று: நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும். இசைவின்றி அயல்நாட்டுக்கு விற்பது குற்றம். முதல் போர்ப் பதக்கங்கள் இப்பொழுது அவ் எல்லையைக் கடந்துவிட்டன. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பதக்கங்கள் காட்சிக்கு உள. சென்னை செல்வோர் கடற்கரையோடு திரும்பாமல் அவற்றையும் பார்த்து வாருங்கள்.

ஒரு மறுப்பும் எழும். மாண்டவரெல்லாம் மறவரா, வயிற்றுப்பாட்டுக்குப் போனவர் தாமே என்பர். உண்மைதான், பெரும்பாலோர் வயிற்றுக்குத்தான் போயினர். ஆயினும் காஞ்சிபுரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனை எந்தக் கணக்கில் வைப்பது? மெட்ராசு அகழ்படையினர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியில், உடனிருந்தோர் நடுவே வெடிக்கவிருந்த கண்ணியின்மீது தம் உடலைச் சாய்த்து அவர்களைக் காத்து மாண்டார். சார்ச்சு சிலுவை என்னும் உயர்விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. எந்த அரசுக்கு அவர் உழைத்தார் என்பது வேறு; எவர் மீது பாய்ந்தார் என்பது வேறு. அவர் காத்தது பேரரசை அன்று, பக்கத்தில் நின்ற ஆளை.

1947க்குப்பின் என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். 1950 சனவரி 26இல் இந்திய அரசு ஏற்படுத்திய மற விருதுகளின் பெயர் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம். பின்புறத்தில் இந்தியும் ஆங்கிலமும். அன்று பாரசீகம், இன்று இந்தி. தமிழின் இடம் மாறவில்லை. மெட்ராசுப் படைப்பிரிவின் கொள்கைத்தொடர் வடமொழி. போர்முழக்கமோ 'அடி கொல்லு, அடி கொல்லு' என்பது! சுவரில் எழுத வடமொழி வேண்டும். சாவின் வாயில் நிற்கும்போது வாய்மொழிதான் வருகிறது. பரம வீர சக்கரம் பெற்ற தமிழர் இராமசாமி பரமேசுவரன். மாண்டது 1987 நவம்பர் 25இல் ஈழ மண்ணில். தமிழன் தமிழனோடு பொருத களத்தில் கிடைத்த அந்தச் சக்கரத்தைப் பற்றி எழுத அமர்ந்த போதெல்லாம் என் எழுதுகோல் நின்றுவிடுகிறது. நமக்கு அண்மையில், இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த பழனி 2020 சூன் 15இல் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்டு வீர சக்கரம் பெற்றார். அவர் ஊரில் அவர் பெயரை எவரும் மறக்க மாட்டார்கள். ஒளிப்படம் உண்டு, செய்தித்தாள் உண்டு. நூறாண்டுக்கு முன் அதே பக்கத்து ஊர்களிலிருந்து போனவனுக்கு அவ் வாய்ப்பில்லை.

பஞ்சாபியர் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் உலகப் போருக்குச் சென்ற தம் நாட்டார் 3,20,000 பேரின் பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்ததை அறிந்து, அவற்றைப் படியெடுத்து 2021 முதல் உலகறிய வெளியிடத் தொடங்கினர். ஊர்வாரியாகப் பெயர் பார்க்கலாம். நமக்கு அப்படி ஓர் ஏடு கையில் இல்லை. வெற்றிலைப் பெட்டிகளும் அஞ்சறைப் பெட்டிகளும்தாம் நம் ஏடு.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் அரிசிப்பானை மூடியில் இங்கிலீசு எழுத்து இருக்கிறது" என்றாள். மறுநாள் எடுத்து வந்தாள். கைப்பிடி பற்றவைத்த நினைவுத் தட்டு! பெயர் தெளிவாக இருந்தது. அவள் வீட்டில் அப் பெயருடைய ஒருவரைப் பற்றி எவர்க்கும் நினைவில்லை. இரண்டு திங்கள் தேடி, அவர் படைப்பிரிவையும் மாண்ட நாளையும் கண்டோம். பெயரை இங்கே சொல்லேன். அவர் குடும்பத்தார் இவ்வூர்ப் பக்கத்திலேயே வாழ்கின்றனர், அவர்கள் இசைவைப் பெறவில்லை. அரிசிப்பானைக்கு வேறு மூடி வாங்கிவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

வாயிற் பக்கத்து மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இப்படி ஏதேனும் இருந்தால், விளிம்பில் உள்ளதை உள்ளபடியே, பிழையைத் திருத்தாமல், அதில் எழுதிச் செல்லுங்கள். பொருளைக் கொணர வேண்டா, எழுத்து போதும். என் பூட்டனார் பெயரையும் முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், எண்ணுக்கு இடம் விட்டு.